அல்பேனியாவின் ஆளுமைகள்: யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது?

பாலைநிலவன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பால்கன் நாடுகளின் ஆளுமைகளைப் பற்றி நாட்டுக்கு ஒரு கட்டுரை வீதம் எழுதிவருகிறேன். பல்கேரியாவும் குரோவேசியாவும் பெரிய சிக்கல் இல்லாமல் முடிந்தன. அல்பேனியாவுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. முப்பது இலட்சம் மக்கள்கூட இல்லாத நாடுதானே, கலை, அரசியல், விளையாட்டு மூன்றிலும் சேர்த்துப் பத்துப் பேரைப் பொறுக்குவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும் என்று எண்ணித்தான் உட்கார்ந்தேன்.

முதல் வரைவில் வந்தவர்கள் இவர்கள்: ஒட்டோமான் படையை எதிர்த்து நின்ற ஸ்கந்தர்பெக், 1912 நவம்பர் 28 அன்று வ்லோரா நகரில் விடுதலையை அறிவித்த இஸ்மாயில் கெமாலி, மன்னர் ஸோகு, கம்யூனிஸ்ட் ஆட்சியாளர் என்வர் ஹோக்ஸா, அன்னை தெரசா, நாவலாசிரியர் இஸ்மாயில் காதரே, இன்றைய பிரதமர் எடி ராமா, பாடகி துவா லிப்பா, கால்பந்து அணித் தலைவராக இருந்த லோரிக் சானா, பளுதூக்கும் வீரர் பிர்ரோ திமா. எழுதி முடித்துவிட்டு ஒவ்வொருவரும் பிறந்த ஊரைப் பக்கத்தில் குறித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அன்னை தெரசா ஸ்கோப்யேயில் பிறந்தவர். அது இன்று வடக்கு மாசிடோனியாவின் தலைநகர். சானா பிறந்தது பக்கத்து நாடான கொசோவோவின் பிரிஸ்டினாவில், துவா லிப்பா பிறந்தது லண்டனில். திமாவோ அல்பேனியாவின் ஹிமாராவில் பிறந்தும், 1992, 1996, 2000 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் கிரேக்கத்துக்காகத் தங்கம் வென்றவர். நாட்டு எல்லையை அளவுகோலாகக் கொண்டால் பட்டியலில் பாதி போய்விடுகிறது; மொழியை அளவுகோலாகக் கொண்டால் பக்கத்து நாடுகளின் பட்டியல்களிலும் கை வைக்க வேண்டியிருக்கிறது. இதை எப்படித் தீர்ப்பது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடமராட்சி மாஸ்டர்

தம்பி, முதலில் ஒரு சிறு திருத்தம். அல்பேனிய மொழியில் எக்ஸ், எச் என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்தால் நமது ஜகர ஒலி வரும். ஆகவே உமது பட்டியலில் உள்ள என்வர், ஹோஜா; ஹோக்ஸா அல்லர். கால்பந்து வர்ணனையில் ஷாக்கா என்று கேட்கிறோமே, அவரும் உண்மையில் ஜாக்காதான். இன்னொன்று, ஸ்கந்தர்பெக் என்ற பெயர் நமது காதுக்குக் கந்தனை நினைவூட்டினாலும், அது அலெக்ஸாண்டர் என்பதன் துருக்கிய வடிவமான இஸ்கந்தரும் பெய் என்ற பட்டமும் சேர்ந்தது. அவருடைய இயற்பெயர் கெர்க் கஸ்திரியோத்தி.

அந்தப் பெயரிலேயே உமது கேள்விக்கான விடையின் ஒரு பகுதி இருக்கிறது. ஒட்டோமான் அரசவையில் வளர்ந்து, அவர்களிடமே படைத்தொழில் கற்று, அவர்கள் வைத்த பெயரையும் சுமந்துகொண்டு 1443இல் அல்பேனியாவின் க்ருயா நகருக்குத் திரும்பி, 1468இல் இறக்கும்வரை இருபத்தைந்து ஆண்டுகள் அவர்களையே எதிர்த்துப் போரிட்ட ஒருவரைத்தான் அந்த நாடு தனது முதல் வீரராகக் கொண்டாடுகிறது. ஆட்டுத்தலை பொறித்த அவருடைய தலைக்கவசமும் வாளும் இன்றும் இருப்பது வியன்னா அருங்காட்சியகத்தில். அல்பேனியத் தலைநகர் திரானாவில் இருப்பவை நகல்கள்தாம். அல்பேனிய ஆளுமைகளைத் தேடுகிறவர் வெளியூர் போய்த் தேடத்தான் வேண்டும். அது அந்த வரலாற்றின் இயல்பு.

ஃப்ராஷெரி சகோதரர்களை நீர் விட்டுவிட்டீர். அப்தில், நயிம், சாமி என்று மூவர். நயிம் அல்பேனியத் தேசியக் கவிஞராகப் போற்றப்படுபவர். சாமியின் கதை இன்னும் சுவையானது. 1879இல் அல்பேனிய மொழிக்கு எழுத்து முறை வகுத்தவர்களுள் முதன்மையானவர் அவர். அதே கைதான் துருக்கிய மொழியின் புகழ்பெற்ற அகராதி ஒன்றையும் தொகுத்தது. துருக்கிய மொழியின் முதல் நாவல் என்று பலர் கருதும் நூலும் அவருடையதே. துருக்கியர் அவரை ஷெம்செத்தின் சாமி என்று தம்மவராகவே அறிவர். அவருடைய மகன் அலி சாமி யென், 1905இல் இஸ்தான்புல்லில் கலத்தசராய் கால்பந்துக் கழகத்தை நிறுவியவர். கலை, அரசியல், விளையாட்டு மூன்றும் ஒரே வீட்டில் கிடைத்துவிட்டன. எந்த நாட்டின் கணக்கில் எழுதுவது என்பதுதான் உமது தலைவலி.

கயல்

பாலைநிலவன், உங்கள் பட்டியலில் எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. வெளியே போய்ப் புகழ் பெற்றவர்கள் நிறைந்திருக்கிறார்கள். உள்ளேயே இருந்து அடிபட்டவர்கள் ஒருவர்கூட இல்லை. அவர்களைச் சேர்க்காமல் அல்பேனியாவைப் பற்றி எழுதினால் அது விமான நிலையத்தில் நின்றுகொண்டு ஊரைப் பற்றி எழுதுவது போலாகும்.

நாட்டுக் கணக்கைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே ஜிரோகாஸ்தர் என்று ஒரு மலைநகரம் இருக்கிறது. கூரைகள்கூடக் கற்பலகைகளால் வேயப்பட்ட ஊர்; ஒரு வீட்டின் வாசல் நிற்கும் மட்டத்தில் அடுத்த வீட்டின் கூரை இருக்கும் அளவுக்குச் சரிவு. 1908இல் அங்கே பிறந்தவர் என்வர் ஹோஜா. 1936இல் அங்கே பிறந்தவர் இஸ்மாயில் காதரே. இருவர் வீடுகளும் பலோர்ட்டோ என்ற ஒரே பகுதியில், நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. காதரே வீடு இருக்கும் சந்துக்குப் பைத்தியக்காரர் சந்து என்று பெயர். இந்த இருவரையும் எல்லோரும் சொல்வார்கள். அந்த ஊர் தந்த மூன்றாவது ஆளின் பெயர் முசினே கோகலாரி.

அவர் 1917இல் துருக்கியின் அதானாவில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்துடன் ஜிரோகாஸ்தருக்குத் திரும்பியவர். ரோம் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்தார்; மாஸ்டர் சொன்ன நயிம் ஃப்ராஷெரியைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதினார். தமது ஊர்ப் பெண்களின் பேச்சுமொழியிலேயே, மாமியார் மருமகள் பூசல்களையும் கல்யாண வீட்டுச் சடங்குகளையும் எழுதினார். அல்பேனியாவில் நூல் வெளியிட்ட முதல் பெண் எழுத்தாளர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். போர்க்காலத்தில் சமூக ஜனநாயகக் கட்சி ஒன்றைத் தொடங்குவதில் பங்கெடுத்தார். 1944 நவம்பரில் கம்யூனிஸ்ட் படைகள் திரானாவுக்குள் வந்தபோது அவருடைய அண்ணன்மார் இருவர் விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1946இல் அவரையே கூண்டில் ஏற்றினார்கள். அந்த விசாரணையில் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது: அண்ணன்மாருக்காகக் கறுப்புத் துணியால் தலையை மூடியபடி ஒலிபெருக்கி முன் நிற்கிறார், முகத்தில் கெஞ்சல் சிறிதும் இல்லை. இருபது ஆண்டுத் தண்டனை. பல ஆண்டுகள் புர்ரெல் சிறை. பிறகு ர்ரெஷென் என்ற சிற்றூரில் கட்டாய வாழ்க்கை, தெருப் பெருக்கும் வேலை. 1983இல் புற்றுநோயில் இறந்தார். ஹோஜா அவருக்கு இரண்டு ஆண்டுகள் பின்னால்தான் போனார்.

ஒரே ஊர், ஒரே தலைமுறைக்கு முன்பின்னாக மூன்று பேர்: ஒருவர் ஆண்டார், ஒருவர் எழுதினார், ஒருவர் தெருப் பெருக்கினார். துவா லிப்பாவை எடுத்துவிட்டாவது கோகலாரியைச் சேருங்கள்.

ஐந்தாம் எண் சட்டை

கயல் அவர்களின் வாதத்தை விளையாட்டுக்கும் நீட்டிக்கலாம். லோரிக் சானா நல்ல வீரர், மார்செய் அணிக்குத் தலைமை தாங்கியவர், மறுக்கவில்லை. ஆனால் ஊரிலேயே ஆடி ஊரிலேயே கொண்டாடப்பட்டவர் என்றால் பனாயோத் பானோவைத்தான் சொல்ல வேண்டும். துர்ரெஸ் துறைமுக நகரில் 1939இல் பிறந்து, திரானாவின் பார்த்திசானி கழகத்துக்காக ஆடிய முன்கள வீரர். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் தனது பொன்விழாவின்போது ஒவ்வொரு நாட்டிடமும் அரை நூற்றாண்டின் தலைசிறந்த வீரரைக் கேட்டது. அல்பேனியா சொன்ன பெயர் இவருடையது. நாட்டை விட்டு வெளியேற வழியில்லாத காலம் அது. வெளிநாட்டுக் கழகங்களில் ஆடியிருந்தால் அவர் எவ்வளவு உயரம் போயிருப்பார் என்று அங்கே இன்றும் பேசுகிறார்கள்.

அந்தத் தலைமுறை செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 1966 உலகக் கோப்பை இறுதிப் போட்டிவரை போன மேற்கு ஜெர்மனி, 1968 ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற, 1967 டிசம்பர் 17 அன்று திரானாவில் அல்பேனியாவை வென்றால் போதும் என்ற நிலையில் வந்து இறங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் டார்ட்முண்டில் அல்பேனியாவை ஆறு கோல்களுக்குப் புரட்டி எடுத்த அணி அது. கெமால் ஸ்தாஃபா மைதானத்தில் தொண்ணூறு நிமிடங்கள் முட்டி மோதியும் ஒரு கோல்கூட விழவில்லை. யூகோஸ்லாவியா அந்தப் பிரிவிலிருந்து முன்னேறியது. பெரிய போட்டித் தொடர் ஒன்றின் தகுதிச் சுற்றில் ஜெர்மனி வெளியேறியது அந்த ஒருமுறைதான். அல்பேனியாவுக்கு அதில் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. அதை வைத்து அரை நூற்றாண்டு பெருமை பேசினார்கள். நியாயமான பெருமைதான்.

ஆரேநதிக்கரை

நான் சுவிட்சர்லாந்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வசிப்பவன். ஈழத்தமிழர்களாகிய நாங்களும் கொசோவோ அல்பேனியர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இங்கே வந்து சேர்ந்தோம்; உணவகச் சமையலறைகளிலும் கட்டட வேலைகளிலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். ஆகவே இந்த இழையை ஓரளவு உள்ளிருந்தே வாசிக்கிறேன்.

2016 ஜூன் 11 அன்று பிரான்சின் லான்ஸ் நகரில் அல்பேனியாவும் சுவிட்சர்லாந்தும் மோதின. பெரிய தொடர் ஒன்றில் அல்பேனியா ஆடிய முதல் ஆட்டம் அது. சுவிஸ் அணியில் கிரானித் ஜாக்கா, அல்பேனிய அணியில் அவருடைய அண்ணன் தௌலந்த் ஜாக்கா. இருவரும் பாசல் நகரில் பிறந்து வளர்ந்தவர்கள். பாதி அல்பேனியக் கொடியும் பாதி சுவிஸ் கொடியும் தைத்த சட்டையுடன் அவர்களுடைய தாய் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. நான் வேலை செய்த சமையலறையில் அன்று பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் மேல் ஒரு சிறிய தொலைக்காட்சியை வைத்திருந்தோம். ஐந்தாவது நிமிடத்தில் ஷேர் தலையால் முட்டி சுவிசுக்கு கோல் போட்டதும், என்னுடன் வேலை செய்த கொசோவோக்காரர் கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். கைதட்டுவதா கூடாதா என்று அவருக்கே தெரியவில்லை. சானா இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறியபோது மட்டும் அவர் வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

ஆகவே பாலைநிலவன், யார் எந்த நாட்டவர் என்று நீங்கள் கேட்கும் கேள்வியை அந்த மக்களே தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளவில்லை. சுவிஸ் அணியின் ஷச்சிரி, பெஹ்ராமி, மெஹ்மெதி எல்லோருமே அல்பேனியக் குடும்பத்துப் பிள்ளைகள். 2018 உலகக் கோப்பையில் செர்பியாவுக்கு எதிராக கோல் அடித்த ஜாக்காவும் ஷச்சிரியும் இரு கைகளையும் கோத்து அல்பேனியக் கொடியின் இரட்டைத்தலைக் கழுகைக் காட்டினார்கள். ஆளுக்குப் பத்தாயிரம் பிராங்க் அபராதம் விழுந்தது. மறுபக்கம், 2024 ஐரோப்பியக் கோப்பையில் இத்தாலிக்கு எதிராக 23ஆவது விநாடியில் அல்பேனியாவுக்காக கோல் அடித்து, அந்தத் தொடரின் வரலாற்றிலேயே விரைவான கோல் என்ற சாதனை படைத்த நெதிம் பஜ்ராமி பிறந்தது சூரிச் நகரில்.

கொள்ளிடத்தான்

அன்பர்களே, காதரேயைக் கேள்வி கேட்காமல் எல்லோரும் ஏற்றுக்கொள்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. கோகலாரி சிறையிலும் தெருவிலும் காலம் தள்ளியபோது, காதரே 1970 முதல் 1982 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். ஹோஜாவை உயர்த்திப் பிடிக்கும் நாவலையும் எழுதினார். அரசு விழுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1990 அக்டோபரில், பிரான்சில் அடைக்கலம் கேட்டார். பிறகு மேற்குலகம் அவரை எதிர்ப்பு எழுத்தாளர் என்று கொண்டாடியது. அரசவைப் புலவரை எதிர்ப்பாளர் என்று எழுதுவது கோகலாரிக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. பட்டியலில் இருவரையும் அடுத்தடுத்து வைக்க உங்களுக்கு மனம் வருகிறதா?

கயல்

கொள்ளிடத்தான் ஐயா, நீங்கள் சொன்ன செய்திகள் எதையும் நான் மறுக்கவில்லை; அவற்றிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

முதலில், அங்கே எதிர்ப்பு என்றால் என்ன விலை என்பதைப் பார்க்க வேண்டும். வில்சன் ப்லோஷ்மி, கென்ச் லேகா என்ற இரண்டு கவிஞர்களை 1977 ஜூலையில் சுட்டுக் கொன்றார்கள். ஹவ்சி நேலா என்ற கவிஞரை 1988 ஆகஸ்ட்டில், ஹோஜா இறந்து மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகு, கூகெஸ் நகரில் தூக்கிலிட்டார்கள். 1972 டிசம்பரில் நடந்த வானொலிப் பாட்டு விழாவில் மேற்கத்திய மெட்டு கலந்துவிட்டது என்பதற்காக, அதற்குப் பொறுப்பாயிருந்த வானொலி, தொலைக்காட்சித் தலைவர் தோதி லுபோன்யாவைச் சிறையில் தள்ளினார்கள். பிறகு அவருடைய மகன் ஃபாத்தோசும் சிக்கிப் பதினேழு ஆண்டுகளை உள்ளேயே கழித்தார். ஒரு பாட்டுக் கச்சேரிக்கே இந்தக் கதி என்ற நாட்டில், நேரடியாக எதிர்த்து எழுதியவரின் நூலைப் படிக்க வாசகருக்கு வாய்ப்பே இருந்திருக்காது.

காதரே செய்தது வேறு. 1963இல் வெளியான முதல் பெரிய நாவலில், போரில் இறந்த தமது வீரர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்துப்போக வரும் ஓர் இத்தாலியத் தளபதியை வைத்துக் கதை சொன்னார். கட்சி நாவல்களின் வெயிலும் வெற்றி முழக்கமும் இல்லாமல், முழுக்க மழையும் சேறும் நிறைந்த நூல் அது. 1975இல் அதிகாரிகளைச் சாடிய கவிதை ஒன்றுக்காக அவரைத் தலைநகரிலிருந்து கிராமத்துக்கு அனுப்பினார்கள். 1981இல், குடிமக்களின் கனவுகளைத் திரட்டி வகைபிரித்து அரசுக்கு ஆபத்தான கனவைத் தேடும் ஓர் அலுவலகத்தைப் பற்றி எழுதினார். ஒட்டோமான் காலக் கதை என்ற போர்வை இருந்தும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, நூல் தடைசெய்யப்பட்டது. 1986 அளவில் சில கையெழுத்துப்படிகளை மேற்கு ஜெர்மானிய எழுத்தாளர் ஒருவருடைய கதைகளின் மொழிபெயர்ப்பு போல் வேடமிட்டு, பெயர்களையெல்லாம் மாற்றி, பாரிஸுக்குக் கடத்தி வங்கிப் பெட்டகத்தில் வைத்தார். வெறும் அரசவைப் புலவருக்கு இந்தப் பாடு எதற்கு?

ஆனால் உங்கள் சினத்திலும் பொருள் இருக்கிறது. ஹோஜாவும் அவரும் ஒரே ஊர்க்காரர்கள். பிரெஞ்சு இலக்கியத்தில் ஹோஜாவுக்கு ஈடுபாடு உண்டு. உலக அரங்கில் காட்ட ஒரு நாவலாசிரியர் வேண்டியிருந்தது. இந்தக் காப்பு மற்றவர்களுக்கு இல்லை. தாம் எதிர்ப்பாளர் அல்லர் என்று காதரேயே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பட்டத்தை ஒட்டியவர்கள் வெளியே இருந்தவர்கள். 2005இல் சர்வதேச புக்கர் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அவருக்குத்தான் கிடைத்தது. 2024 ஜூலை 1 அன்று இறந்தார். அவரையும் கோகலாரியையும் அடுத்தடுத்து வைக்க எனக்கு மனம் வருகிறது. வைத்துவிட்டு இருவருக்கும் இடையில் இருந்த வேறுபாட்டை மறைக்காமல் எழுத வேண்டும், அவ்வளவே.

வடமராட்சி மாஸ்டர்

ஹோஜாவைப் பற்றி ஒரு செய்தி, தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. அவர் 1948இல் யூகோஸ்லாவியாவுடனும், 1961இல் சோவியத்துடனும், 1978இல் சீனாவுடனும் முறித்துக்கொண்டு, கடைசியில் நாட்டைத் தன்னந்தனியாக நிறுத்தினார். சீனாவுடன் முறித்த கையோடு மாவோவே மார்க்சியவாதி அல்லர் என்று எழுதத் தொடங்கினார். உலகெங்கும் மாவோவைப் பின்பற்றிய கட்சிகள் இதனால் பிளவுபட்டன. அப்போது அவருக்கு மறுப்பாக 1981இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதியவர் நமது மானிப்பாய் நா. சண்முகதாசன். இளவயதில் அந்த விவாதங்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். அல்பேனியா உலக வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட எங்கள் பக்கத்தில் அல்பேனியாவுக்கு ஆதரவாகவும் எதிராகவும் சண்டை பிடித்தார்கள்.

அந்த மனிதரின் ஆட்சியை இன்றும் கண்ணால் பார்க்கலாம். வயல், கடற்கரை, இடுகாடு என்று பாராமல் நாடு முழுதும் காளான் முளைத்தாற்போல் கட்டிய கொங்கிரீட் பதுங்குகுழிகள் ஒரு இலட்சத்து எழுபதாயிரம் அளவில் இருக்கும். வராத எதிரிக்காகக் கட்டியவை. இன்று சிலவற்றில் காப்பிக்கடை நடக்கிறது.

மன்னர் ஸோகுவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜனாதிபதியாக இருந்து 1928இல் தமக்குத் தாமே முடிசூட்டிக்கொண்டார். 1939 ஏப்ரல் 7 அன்று இத்தாலியப் படை இறங்கியதும், பிறந்து இரண்டு நாளே ஆன மகனையும் தூக்கிக்கொண்டு கிரேக்கத்துக்குப் போய்விட்டார். பட்டியலில் இடம் போதாவிட்டால் முதலில் அவரை எடுத்துவிடும்.

பாலைநிலவன்

மாஸ்டர், கயல், அனைவருக்கும் நன்றி. ஸோகுவை எடுத்துவிட்டேன். அன்னை தெரசாவை என்ன செய்வது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. அவரை இந்தியர் என்று எழுதினால் அல்பேனியர் சினக்கிறார்கள். அல்பேனியர் என்று எழுதினால் ஸ்கோப்யேக்காரர்கள் கேட்கிறார்கள்.

ஆரேநதிக்கரை

அவர் பிறந்த 1910இல் ஸ்கோப்யே ஒட்டோமான் பேரரசின் கொசோவோ மாகாணத்தில் இருந்தது. மாசிடோனியா என்ற நாடும் அப்போது இல்லை, அல்பேனியா என்ற நாடும் இல்லை. வீட்டில் பேசியது அல்பேனிய மொழி. பெயர் அக்னெஸ் கோன்ஜா போயாஜியு. 1928இல் வீட்டை விட்டுப் புறப்பட்டு அயர்லாந்து வழியாக 1929 ஜனவரியில் இந்தியா வந்து சேர்ந்தார். இந்தியக் குடியுரிமை பெற்றார். 1979இல் நோபல் பரிசு, 1980இல் பாரத ரத்னா. 2009இல் அல்பேனிய அரசு அவருடைய உடலைக் கேட்டபோது, அவர் இந்தியக் குடிமகள், தமது நாட்டிலேயே உறங்குகிறார் என்று இந்தியா பதில் சொல்லிவிட்டது. திரானா விமான நிலையத்துக்கு அவர் பெயர். பிரிஸ்டினாவின் பேராலயத்துக்கு அவர் பெயர். ஸ்கோப்யேயில் நினைவு இல்லம். மூவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதையில் நெஞ்சைத் தொடும் இடம் வேறு. அவருடைய தாயும் அக்காவும் திரானாவில் வாழ்ந்தார்கள். 1967இல் மதத்தையே தடைசெய்த நாட்டுக்குள் ஒரு கன்னியாஸ்திரீயை விடுவார்களா? தாயை வெளியே அனுப்பவும் இல்லை. தாய் 1972இலும் அக்கா 1973இலும் இறந்தார்கள். பதினெட்டு வயதில் பிரிந்த மகள் அந்த முகங்களை மறுபடி பார்க்கவே இல்லை. 1989இல்தான் திரானாவுக்குள் அனுமதித்தார்கள். தாயின் கல்லறைக்குப் போனார். ஹோஜாவின் கல்லறையிலும் மலர் வைத்தார். அதைக் குறை சொல்வோர் உண்டு. உயிரோடு இருக்கும் உறவைப் பார்க்க ஓர் அரசின் முத்திரைக்குக் காத்திருந்தவர்கள் அதைக் குறை சொல்லத் தயங்குவார்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஐந்தாம் எண் சட்டை

அந்தக் கல்லறை அப்போது இருந்தது தியாகிகள் இடுகாட்டில், அல்பேனியத் தாய் என்ற பெரிய சிலையின் அடியில். 1992இல் ஹோஜாவின் எலும்புகளை அங்கிருந்து எடுத்து ஊர்ப் பொது இடுகாட்டுக்கு மாற்றிவிட்டார்கள்; சிலை அங்கேயே நிற்கிறது. அதை வடித்த சிற்பிகள் மூவருள் ஒருவர் கிறிஸ்தாக் ராமா. இன்றைய பிரதமர் எடி ராமாவின் தந்தை.

பாலைநிலவன், மூன்று துறைகளையும் ஒரே ஆளிடம் தேடினால் எடி ராமாதான். ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம். தேசியக் கூடைப்பந்து அணியில் ஆடியவர். ஓவியராகப் பாரிஸில் இருந்தவர், 1998இல் தந்தையின் இறுதிச் சடங்குக்காக ஊர் வந்தபோது கலாசார அமைச்சராகும்படி அழைக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டார். 2000இல் திரானா மேயரானதும், சாக்கடையும் சாம்பல் நிறமுமாகக் கிடந்த அடுக்குமாடி வீடுகளுக்கு ஆரஞ்சும் மஞ்சளும் பச்சையுமாகப் பட்டை பட்டையாக வண்ணம் அடித்தார். வண்ணம் அடித்தால் சுவருக்குள் இருக்கும் குழாய் சரியாகுமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். 2013 முதல் பிரதமர். அவருடைய அரசியலைப் பற்றிய விவாதத்துக்குத் தனி இழை வேண்டும்.

அரசியலும் விளையாட்டும் வேறு வகையில் மோதிய நாளும் உண்டு. 2014 அக்டோபர் 14 அன்று பெல்கிரேடில் செர்பியாவும் அல்பேனியாவும் ஆடிக்கொண்டிருந்தபோது, சிறிய பறக்கும் கருவி ஒன்று கொடியைத் தொங்கவிட்டபடி மைதானத்துக்குள் வந்தது. அகண்ட அல்பேனியாவின் வரைபடமும் இரண்டு முகங்களும் அதில் இருந்தன: ஒன்று உங்கள் பட்டியலில் உள்ள இஸ்மாயில் கெமாலி, மற்றொன்று கொசோவோவின் போர்த்தலைவர் இசா பொலெத்தினி. செர்பிய வீரர் ஒருவர் கொடியை இழுத்தார், கைகலப்பு மூண்டது, ஆட்டம் நின்றது. பின்னர் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் மூன்று கோல் கணக்கில் அல்பேனியாவுக்கு வெற்றி அளித்தது. 1912இல் விடுதலையை அறிவித்தவர், நூறு ஆண்டு கழித்து ஒரு கால்பந்து ஆட்டத்தை நிறுத்தினார்.

பாலைநிலவன்

பளுதூக்கும் திமாவைக் கிரேக்கரிடமே விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. ஹிமாராவின் கிரேக்கச் சமூகத்தைச் சேர்ந்தவர். பார்சிலோனாவில் கடைசி எடையைத் தூக்கும்போது கிரேக்கத்துக்காக என்று கத்திக்கொண்டே தூக்கியவரை வம்பாக இழுத்துவர வேண்டாம். ஆனால் அப்படிச் செய்தால் ஒலிம்பிக்கில் அல்பேனியாவுக்கு யார்?

ஐந்தாம் எண் சட்டை

1972இல் முனிக்கில் முதன்முதலாகக் கலந்துகொண்டார்கள். அதன் பிறகு நான்கு ஒலிம்பிக்குகளுக்கு வரவே இல்லை. 1979இல் ஐரோப்பியத் துப்பாக்கிச் சுடுதலில் தங்கம் வென்ற எலிசபெத்தா கரபோலி போன்றவர்களின் நல்ல காலமெல்லாம் அந்தப் புறக்கணிப்பில் போயிற்று. அவரைச் சேருங்கள், கோகலாரிக்குப் பக்கத்தில் நிற்கத் தகுந்தவர். 2022இல் முனிக்கில் நடந்த ஐரோப்பியத் தடகளத்தில் 3000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் தங்கம் வென்ற லுயிசா கேகாவையும் விடாதீர்கள்.

ஒலிம்பிக் பதக்கம் என்று பார்த்தால் கதை கோணலாகப் போகிறது. ஜூடோ வீராங்கனை மய்லிந்தா கெல்மெந்தி 2012இல் லண்டனில் அல்பேனியக் கொடியின் கீழ் இறங்கினார், ஏனெனில் கொசோவோவுக்கு அப்போது ஒலிம்பிக் அங்கீகாரம் இல்லை. பதக்கம் கிடைக்கவில்லை. 2016இல் ரியோவில் கொசோவோவுக்காக இறங்கி அந்த நாட்டின் முதல் பதக்கத்தையே தங்கமாக வென்றார். அல்பேனியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கங்கள் 2024இல் பாரிஸில்தான் வந்தன: மல்யுத்தத்தில் இரண்டு வெண்கலம். வென்ற செர்மென் வலியெவ், இஸ்லாம் துதாயெவ் இருவரும் ரஷ்யாவில் பிறந்து வளர்ந்து, பின்னர் அல்பேனியாவுக்காக ஆட வந்தவர்கள்.

கொள்ளிடத்தான்

ஆக, போனவர்களைச் சேர்க்கலாமா என்று தொடங்கிய இழை, வந்தவர்களைச் சேர்க்கலாமா என்ற கேள்வியில் வந்து நிற்கிறது.

பாலைநிலவன்

பத்து என்ற எண்ணைக் கைவிட்டுவிட்டேன். கட்டுரையை ஊர்வாரியாகப் பிரித்து எழுதுகிறேன்: முதலில் ஜிரோகாஸ்தர், அதில் மூவர், அடுத்து ஸ்கோப்யேயும் பிரிஸ்டினாவும், பிறகு இஸ்தான்புல்லின் ஃப்ராஷெரி வீடு, கடைசியாக பாசலும் சூரிச்சும். மாஸ்டர், ஹோஜா என்று எல்லா இடத்திலும் திருத்திவிட்டேன், ஜாக்காவையும். கயல், முசினே கோகலாரியின் அந்த நீதிமன்றப் புகைப்படத்தைக் கட்டுரையின் தொடக்கத்தில் வைக்கிறேன்.